மார்கழியில் எங்கள் புல்வெளி

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்கழி பிறந்தால் பக்திப் பக்கம் போடுகிறீர்கள், சந்தோஷம். எங்கள் மலையில் மார்கழி கோயிலுக்கு வெளியேயும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் இருக்கிறேன். வானம் தெளிந்து, காற்று அசையாத இரவுகளில் பள்ளத்துப் புல்வெளியில்தான் முதலில் உறைபனி விழும், குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து அங்கே போய்த் தங்கிவிடும். விடிந்ததும் பார்த்தால் ஒவ்வொரு புல் நுனியிலும் உப்புத் தூவினாற்போல் வெள்ளை, வெயில் பட்டதும் அது ஒரு சொட்டாகத் திரண்டு, மினுங்கி, உதிரும். எனக்குக் கை தானாகக் குவிந்துவிடும். அதே பனிதான் தேயிலைக் கொழுந்தைக் கருக்குகிறது, போன வருஷம் எங்கள் உருளைக்கிழங்குச் செடியில் பாதி போய்விட்டது. வருத்தம்தான், ஆனாலும் மறுநாள் காலையும் அங்கேதான் போய் நின்றேன்.

அப்புறம் ஜூனில் கூடலூர் பக்கமிருந்து தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் குன்னூர், கோத்தகிரியில் அடைமழை. நீலக்குறிஞ்சிக்கு 12 வருஷம் காத்திருக்க வேண்டும்.

பக்திப் பக்கத்தில் ஒரு மூலையை இதற்கும் கொடுங்கள், எந்த மாதம் எந்தப் பூ, எந்தப் பறவை என்று. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு படித்துக் காட்டுவேன்.

– ஒரு வாசகி, நீலகிரி