வரிச் சீட்டில் ஒரு வரி

வணக்கம்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெரியவருக்கு ஒரு டப்பா முறுக்கும் ஆங்கிலத்தில் ஒரு நன்றிச் சீட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்லூரி ஆசிரியைகளுக்கும் நூலகத்தில் இருப்பவர்களுக்கும் அதே மாதிரி சீட்டுதான். இந்த ஊரில் அதுதான் முறை. ஆனால் இந்த அமெரிக்க ஊருக்கு வந்து நான் நர்ஸ் ஆன ஏழு வருஷக் கதையை அந்தச் சின்ன அட்டைக்குள் எப்படி அடைப்பது? நான்கு வரி எழுதினேன், நான்கும் கடையில் அச்சடித்து விற்கிற வாழ்த்து மாதிரியே இருந்தன. மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன். இதில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதைப் படிக்கத் தெரியாது. பரவாயில்லை, அவர்களைப் பற்றி நாலு பேரிடம் சொன்ன மாதிரி இருக்கட்டும்.

நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. பி.காம். படித்தவள். கணவருக்கு வேளாண் ஆராய்ச்சியில் வேலை கிடைத்து, 2018ல் கன்சாஸ் மாநிலத்தின் தென்மேற்கில் இருக்கும் கார்டன் சிட்டிக்கு வந்தோம். பெயரைக் கேட்டுப் பூந்தோட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மழை குறைந்த சமவெளி, ஓயாத காற்று, கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமையும் மக்காச்சோளமும் சோளமும். காற்று திசை மாறினால் மாட்டுப் பட்டிகளின் வாடை வீட்டுக்குள் வந்துவிடும். ஊரை ஒட்டி ஆர்கன்சாஸ் ஆறு ஓடுவதாக வரைபடம் சொல்கிறது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மணல்தான். மேற்கே பாசனத்துக்குத் தண்ணீரை எடுத்துக்கொள்கிறார்கள், கீழே ஓகலாலா நிலத்தடி நீரை இறைத்து இறைத்து மட்டத்தை இறக்கிவிட்டார்கள். அந்த மணலைப் பார்த்ததும் வைப்பாறு ஞாபகம் வந்தது. வந்த இடத்தில் முதல்முதலாகக் கொஞ்சம் நிம்மதி அன்றைக்குத்தான்.

இங்கே வேலைக்கு வந்தவரின் மனைவி என்பதால் எனக்குக் கிடைத்த எச்-4 விசா ஒரு விசித்திரமான சங்கதி. படிக்கலாம், தனி அனுமதி அட்டை வராமல் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. அப்போது எனக்கு கார் ஓட்டவும் தெரியாது. பேருந்தை நம்பி வாழ முடியாத ஊரில் கார் ஓட்டத் தெரியாதவள் பாதி கைதி. எதிர்வீட்டுப் பெரியவர்தான், ஓய்வுபெற்ற விவசாயி, தன்னுடைய பழைய பிக்கப் வண்டியில் என்னை உட்காரவைத்து, சோளக்காட்டு மண்பாதையில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். "இங்கே மோதுவதற்கு ஒன்றுமே இல்லை, பயப்படாதே" என்றார். அப்படியும் ஒரு வேலிக்கம்பத்தைக் கண்டுபிடித்து மோதினேன். ஐயா, அந்தக் கம்பத்துக்கும் சேர்த்து நன்றி.

ஓட்டத் தெரிந்ததும் நான் முதலில் போன இடம் கம்யூனிட்டி காலேஜ். இதற்குச் சரியான ஈடு நம் ஊரில் கிடையாது. இரண்டு வருடப் பட்டப்படிப்பு, தொழில் சான்றிதழ்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலம், பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்குப் பயிற்சி எல்லாம் ஒரே கல்லூரியில். 1901ல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கிய ஏற்பாடு இது. கன்சாஸில் மட்டும் இப்படி 19 அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கள் ஊர்க் கல்லூரி 1919ல் தொடங்கியது. 18 வயசுப் பையனுக்குப் பக்கத்து நாற்காலியில் அவன் அம்மா வயசுப் பெண் உட்கார்ந்திருப்பாள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அதுவே பெரிய உதவியாக இருந்தது.

முதலில் ஆங்கில வகுப்பு. அப்புறம் 2021ல் 90 மணி நேர செவிலியர் உதவியாளர் பயிற்சி. நோயாளியைக் கட்டிலில் திருப்பிப் படுக்கவைப்பதும், குளிப்பாட்டுவதும், ஊட்டிவிடுவதும்தான் பாடம். "இதற்கா பி.காம். படித்தாய்?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு இங்கே நன்றி சொல்லப்போவதில்லை. வேலை அனுமதி அட்டை வந்த கையோடு ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். அங்கே இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அக்கா ஒருவர்தான், "நீ ஏன் முழுப் படிப்பும் படிக்கக் கூடாது?" என்று தினமும் நச்சரித்தார். அக்கா, உங்கள் வாய்க்கு நன்றி.

செவிலியர் படிப்பில் சேரப் பழைய மதிப்பெண் பட்டியல்கள் வேண்டும், அதுவும் பல்கலைக்கழகம் முத்திரை வைத்த உறையில். என் தம்பி அந்த அலுவலகத்துக்கு ஆறு தடவை அலைந்தான். ஆறாவது தடவை தூக்குச்சட்டியில் மதியச் சாப்பாட்டோடு போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். நன்றிடா.

2022 இலையுதிர் காலம், செவிலியர் வகுப்புக்கு முன்னால் முடிக்க வேண்டிய உடற்கூறியல். பன்னிரண்டாவதில் நான் காமர்ஸ் குரூப், தவளையைக்கூட அறுத்துப் பார்த்ததில்லை. முதல் தேர்வில் 100க்கு 61. அது போதாது. ஆசிரியை கூப்பிட்டு, எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டார். நான் பெருமையாக என் நோட்டைக் காட்டினேன், புத்தகத்தை அப்படியே இரண்டு முறை எழுதி வைத்திருந்தேன். அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு, "வீட்டில் யாருக்காவது உரக்கச் சொல்லிக்கொடு, எந்த மொழியில் வேண்டுமானாலும்" என்றார். டீச்சர், நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு உங்களுக்கே தெரியாது.

வீட்டில் யார் இருந்தார்கள்? என் மகனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதத்துக்கு வந்திருந்த என் மாமியார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தினமும் ராத்திரி பாத்திரம் கழுவியபடியே நான் பாடம் நடத்துவேன், அத்தை பூண்டு உரித்தபடி கேட்பார். ஒருநாள் இதயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வலது மேலறையிலிருந்து கீழறைக்கு, அங்கிருந்து நுரையீரலுக்கு, திரும்பி இடது பக்கத்துக்கு, நடுவில் ரத்தம் பின்னால் திரும்பாமல் இருக்க நான்கு வால்வுகள். "இதுக்கு எதுக்குத் தாயி இம்புட்டு இங்கிலீசு? கம்மாய்க்கு மதகு மாதிரிதான, ஒரு பக்கம்தான் தொறக்கும்" என்றார். அன்றைக்குப் பிறகு வால்வு எனக்கு மறக்கவே இல்லை. ரத்த அழுத்தம் பார்த்துப் பழகவும் அவர் கைதான். ஒரு நாளைக்கு மூன்று தடவை பட்டையைச் சுற்றிச் சுற்றி, அவருக்கு நிஜமாகவே அழுத்தம் கூடுதல் என்று நானே கண்டுபிடித்தேன். இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கடைசித் தேர்வில் எனக்கு 88. அதில் பாதி அத்தையுடையது.

அந்த வருஷம் இங்கே கடும் வறட்சி. மானாவாரிச் சோளம் பல காடுகளில் முழங்காலுக்கு மேல் வரவில்லை. பெரியவர் வீட்டு நிலத்தில் கிணற்றுப் பாசனம் உண்டு, அதனால் கொஞ்சம் விளைந்தது. விளைவது முழுக்க மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது என்று கேட்டதும் அத்தைக்கு ஆறவே இல்லை. ஒரு வாளிச் சோளம் கேட்டு வாங்கிவரச் சொன்னார். புடைத்து, மிக்ஸியில் உடைத்து, சோளச்சோறு பொங்கி, மோர் ஊற்றிப் பெரியவருக்கும் அவர் மனைவிக்கும் போட்டார். அறுபது வருஷமாகச் சோளம் விதைத்தவர் அன்றைக்குத்தான் முதல்முதலாக அதைச் சாப்பிட்டாராம். மோரை ஒதுக்கிவிட்டு வெண்ணெய் போட்டுக்கொண்டார். அத்தை அதையும் மன்னித்தார்.

அன்று சாப்பிட்டு முடித்துப் பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நவம்பரில் வருகிற சொத்து வரிச் சீட்டு. ஆயிரம் டாலர் மதிப்புக்கு இத்தனை டாலர் என்று கணக்குப் போட்டு, யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்று அதில் தனித்தனி வரியாக இருக்கும்: கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி), பள்ளிக்கு, இன்னும் என்னென்னவோ. ஒவ்வொரு வரியையும் திட்டிக்கொண்டே வந்தவர், கம்யூனிட்டி காலேஜ் என்ற வரியில் விரலை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இது நீ படிக்கிற இடம். இதையும் திட்டத்தான் போகிறேன். ஆனால் நீ பெயிலானால் இன்னும் அதிகமாகத் திட்டுவேன்."

அதுவரை நான் கல்விக் கட்டணம் கட்டித்தான் படிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கட்டினேன்தான், ஆனால் அந்தக் கட்டணத்தில் மட்டும் ஒரு கல்லூரி நடக்காது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கள் ஃபின்னி கவுண்டியில் வீடு வைத்திருப்பவர், நிலம் வைத்திருப்பவர், டயர் கடை வைத்திருப்பவர் எல்லாரும் வருஷா வருஷம் முணுமுணுத்துக்கொண்டே எனக்குப் பீஸ் கட்டியிருக்கிறார்கள். முகம் தெரியாத உங்கள் எல்லாருக்கும், நன்றி. முணுமுணுப்பு நியாயமானதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை.

2023 ஆகஸ்டில் செவிலியர் வகுப்பு. அதில் என் ஜோடி, சோமாலியாவில் பிறந்து கென்ய அகதி முகாமில் வளர்ந்த ஒரு பெண். மாட்டிறைச்சி ஆலையில் இரவுப் பணி பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருவாள். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, மனப்பாடம். இந்தத் தேர்வுகளில் அது எடுபடாது. நான்கு பதில் கொடுத்து, நான்கும் சரியாக இருக்க, "முதலில் எதைச் செய்வாய்?" என்று கேட்பார்கள். மூச்சுப்பாதை முதலில், அப்புறம் மூச்சு, அப்புறம் ரத்த ஓட்டம். அந்த வரிசையில் யோசிக்கப் பழகுவதற்குள் ஒரு செமஸ்டர் போய்விட்டது. நூலகம் மூடுகிற வரைக்கும் உட்கார்ந்து, மூடிய பிறகு அவள் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்போம். நோன்பு மாதத்தில் அவள் கொண்டுவரும் சம்பூசாவை (சமோசா மாதிரிதான்), அவள் நோன்பு திறக்கும் நேரம் வரைக்கும் நானும் தொடாமல் காத்திருப்பேன். தோழி, உன்னை விட்டுவிட்டுத் தனியாகப் பாஸாகியிருக்க எனக்கு வழியே இருந்திருக்காது.

மிச்சத்தைச் சுருக்கிவிடுகிறேன். 2025 மே மாதம், படிப்பு முடிந்ததற்கு அடையாளமாக எங்களுக்குச் சட்டையில் பின் குத்திவிட்டார்கள். ஜூனில் உரிமத் தேர்வு, அதற்கு விச்சிட்டாவுக்கு மூன்றரை மணி நேரப் பயணம். கணவர் ஓட்டினார், வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்கு அவருக்குத் தனி நன்றி. தேர்வைக் கணினி நடத்துகிறது, முடிவு உறுதியானதும் அதுவே நிறுத்திவிடும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. 85ல் திரை நின்றுவிட்டது. பாஸா பெயிலா என்று தெரியாமல் அந்த மூன்றரை மணி நேரமும் நானே பேசிக்கொண்டு திரும்பினேன். பாஸ்.

பெரியவர் நேற்று முறுக்கு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று அத்தை அவருக்கு எப்போது சொல்லிக்கொடுத்தாரோ தெரியவில்லை. டப்பா நிறையச் சோளம் இருந்தது.