பொழுதுபோக்காகச் சென்றவர்கள் அல்ல நாங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில் எங்கள் மலையக நடைபயணம் பற்றிய செய்தி வந்திருந்தது. பிரசுரித்ததற்கு நன்றி. அதில் ஒரு வரி: "மேலும் சிலர் பொழுதுபோக்காகச் சைக்கிள்களில் உடன் சென்றனர்." அந்தச் சிலரில் நானும் ஒருவன். வயது 61. பத்திரிகையை மடித்து வைத்தபிறகு அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

நடந்தவர்கள் பத்தொன்பது பேர், சைக்கிள்கள் நான்கு. கண்டி ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை என்று போய் ஆறாம் நாள் கொட்டகலையில் முடித்தோம். பீக்கோ ட்ரெயில் என்று இப்போது சொல்கிற பாதையின் முதல் ஆறு பகுதிகள் அவை. முழுப்பாதை 22 பகுதி, 300 கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை வைத்தியசாலைக்குச் சிகிச்சைக்காகத் திரும்பத் திரும்ப வந்துபோகிற புற்றுநோயாளிகளின் பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் சேர்க்கத்தான் நடந்தார்கள். இவ்வளவும் உங்கள் செய்தியாளருக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தோம்.

சைக்கிள் என்ன செய்தது என்பதை எழுதிக் கொடுக்கவில்லை. கேட்பார்கள் என்று நினைத்தோம்.

விடிய ஐந்தரைக்கு இரண்டு சைக்கிள் முன்னால் போகும். அடுத்த தண்ணீர் எங்கே, மழைக்கு ஒதுங்க எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இடம் கிடைக்கும், ஆட்டோ எதுவரை ஏறும் என்று பார்த்துத் திரும்பி வந்து சொல்லும். ஒன்று நடுவில் நிற்கும். கடைசியாக நடப்பவருக்குப் பின்னால் வருவது என்னுடையது. என் கரியரின் இரண்டு பக்கமும் பத்து லீற்றர் தண்ணீர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புக் கரைசல் பைக்கற்றுகள், கட்டுத்துணி, அட்டைக்கடிக்கு உப்பும் சவர்க்காரமும். தேயிலைக்கு நடுவே கருங்கல் படிகள் வந்தால் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். இறக்கத்தில் சரளைக்கல். லூல்கந்துரவிலிருந்து இறங்கி முடிய என் பின்பிறேக் கட்டை தகடு தெரியத் தேய்ந்துவிட்டது. நடப்பவர் எதிரே வந்தால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும், மழை பெய்து ஊறிய தடத்தில் ஓடாமல் உருட்ட வேண்டும் என்று முதல் நாளே எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். அந்தப் பாதை நடப்பவர்களுக்கும், அதில் தினமும் வேலைக்குப் போகிற தோட்டத்துச் சனத்துக்கும் உரியது.

நான்காம் நாள், பூண்டுலோயாவுக்கு மேலே, எங்களோடு நடந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது. கணுக்கால் ஒரு மணி நேரத்தில் தேங்காய் அளவுக்கு வீங்கியது. ஆட்டோ வரக்கூடிய இடம் நான்கு கிலோமீற்றர் கீழே. அவரை என் சைக்கிள் சீற்றில் இருத்தி, ஒருவர் ஹான்டிலைப் பிடிக்க, ஒருவர் பின்னால் இழுத்துப் பிடிக்க, மழையில் உருட்டிக்கொண்டே இறக்கினோம். இரண்டேகால் மணித்தியாலம். அவர் வலியில் ஒரு சத்தம் போடவில்லை, "தம்பி, உங்களுக்குக் கை நோகும்" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். ஆசிரியர் அவர்களே, இதைத்தான் பொழுதுபோக்கு என்று எழுதியிருக்கிறீர்கள்.

உருட்டிக்கொண்டு போகும்போது எனக்கு வேறொரு இரவு நினைவுக்கு வந்தது. 1995 ஒக்ரோபர் 30. இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாண நகரோடு வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பக்கம் நகர்ந்த இரவு. அம்மா கரியரில், அரிசி மூட்டை பாரில், நான் மிதிக்க இடமில்லாமல் உருட்டினேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சைக்கிள் இருந்திருக்கும். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தானே வானொலிச் செய்தி கேட்டோம்! பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும் சைக்கிளில், வவுனியாவிலிருந்து மண்ணெண்ணெய் வந்ததும் சைக்கிளில். 2022-இல் பெற்றோல் வரிசை வந்தபோதும் எல்லோரும் மூலையில் கிடந்த சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக் காற்றடித்தோம். இப்போது ஒரு கலியாண மண்டபத்துக்குச் சைக்கிளில் போனால் காவலாளி வாசலிலேயே மறிக்கிறார், வெளியே மதிலோரம் விடட்டாம். பஸ்காரன் ஹோர்ன் அடித்தே வாய்க்காலுக்குள் இறக்குகிறான். இதைப் பற்றி மூன்று வருடத்துக்கு முன் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை, பரவாயில்லை.

நான் ஏன் இந்தப் பயணத்துக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2006 ஆகஸ்ட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து தெற்குக்குப் போகிற ஏ9 பாதை பூட்டுப்பட்டது. அடுத்த வருடம் என் அக்காவுக்கு மார்பில் கட்டி. கதிர்ச் சிகிச்சைக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். திருகோணமலைக்குக் கப்பல் இருந்தது, ஆனால் அதில் ஏற அனுமதி வேண்டும். ஏழு கிழமை காத்திருந்தோம். ஒவ்வொரு நாளும் அனுமதி தருகிற அலுவலக வாசலுக்கு நான் சைக்கிளில் போய் வந்தேன். அனுமதி கிடைத்து அக்கா போய்ச் சேர்ந்தபோது பிந்திவிட்டது.

பிறகு 2011-இல் தெற்கிலிருந்து சிலர் தெய்வேந்திரமுனையில் தொடங்கி, 27 நாள் நடந்து, பருத்தித்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டுவதற்காக நடந்த நடை அது. வைத்தியசாலை 2013-இல் திறக்கப்பட்டது. அவர்கள் வந்த அன்று கரியரில் தண்ணீர்க் கலன் கட்டிக்கொண்டு பருத்தித்துறையில் நின்றேன். ஒரு பெடியன் சப்பாத்தைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினான், தோலே இல்லை. அக்காவுக்கு வாய்க்காமல் போன வைத்தியசாலைக்கு யாரோ ஒருவருடைய பிள்ளை அப்படி நடந்து வந்திருந்தான். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது. முழங்கால் தேய்ந்ததால் நடக்க ஏலாது, சைக்கிள் மிதிக்க ஏலும். அதனால் சைக்கிளில் போனேன்.

அப்புறம் உங்கள் படம். நான்கு பத்தி அகலத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். பதினொரு பேர் மாலையோடு நிற்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், அதில் நடந்தவர் ஒருவரும் இல்லை. வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். செய்தியில் மலையகத் தமிழர் என்ற சொல்லே இல்லை. ஆறு நாளும் எங்களுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் தந்தவர்கள் அவர்கள். லூல்கந்துரவில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதாகப் பலகை வைத்துப் பெயர் போட்டிருக்கிறார்கள். மண்ணைக் கொத்தி நட்ட கைகளுக்குப் பெயர் இல்லை. 2023-இல் அந்தச் சனம் தங்கள் முன்னோர் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பதினாறு நாள் நடந்தபோதும், உங்கள் பத்திரிகையில் உள்பக்கத்தில் இரண்டு பத்தியோடு சரி. அன்றைக்கும் எனக்கு மனம் நொந்தது, எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு லயத்தில் இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணி தந்த அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கொழுந்து பறித்துக் கறுத்த விரல் நுனிகள். காசு நீட்டினோம், வாங்கவில்லை. "எதுக்குய்யா இப்படி நடக்கிறீங்க?" என்று கேட்டார். நோயாளிகளுக்கு என்றோம். உள்ளே போய், சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே வெளியே வந்தார். நாலாக மடித்த நூறு ரூபாய்த் தாள். அதை உண்டியலின் வாய்க்குள் இரண்டு விரலால் அழுத்தித் தள்ளினார். வியர்வையில் நனைந்து தாள் பதமாகிவிட்டிருந்தது, லேசில் இறங்கவில்லை. அவருடைய ஒரு நாள் சம்பளத்தில் அது எவ்வளவு என்று உங்களுக்கு நான் கணக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள்: நான்கு சைக்கிள்களும் நடப்பவர்களுக்குத் தண்ணீரும் மருந்தும் சுமந்து சென்றன. இடம் இருந்தால், வழியில் ரொட்டியும் தேத்தண்ணியும் தந்து உண்டியலிலும் போட்டவர்கள் தோட்டத் தொழிலாளர்கள் என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் இடம் இல்லையென்றால் இரண்டாவதை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
வடமராட்சி.