லாயத்துக்குக் கூரையும் வெளிச்சமும் தந்தவர்களுக்கு

பெரியபட்டினம் முதல் பாம்பன் வரையுள்ள எங்கள் கரையோர ஊர்களின் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

எங்கள் குதிரை லாயத்தில் அந்த இரவில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு நீங்கள் எல்லோரும் கைகொடுத்ததால்தான் லாயத்துக்குப் புதிய கூரையும் விளக்கும் கிடைத்தன. நேற்றுப் பெய்த மழையில் லாயத்துக்குள் ஒரு சொட்டுகூட விழவில்லை என்பதைக் கண்ணால் கண்ட கையோடு இதை எழுதுகிறேன்.

மின்வேலை செய்துதந்தவர் விசைப்படகுகளுக்கு வயரிங் செய்பவர். பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். ஈரத் தரையில் இரும்பு லாடத்தோடு நிற்கும் விலங்குக்குச் சிறு மின்கசிவும் ஆபத்து என்பதால், குதிரை முன்னங்கால்களைத் தூக்கி எழும்பினாலும் எட்டாத உயரத்தில் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தி, எலி கடிக்காதபடி வயர்களைக் கெட்டிக் குழாய்க்குள் கொண்டுசென்று, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்சையும் வைத்து வேலையை முடித்தார். கூலியும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று இருட்டியதும், யாரும் அழைக்காமலே திரும்பி வந்தார். "பகல்ல பாத்துட்டுச் சொல்ல முடியாது, ராத்திரி அதுக எப்படி நடக்குதுன்னு பாக்கணும்" என்றார். எங்கள் கிழப் பெண்குதிரையை வெளியிலிருந்து அழைத்துவந்தபோது, அவள் வாசலில் கால்களை ஊன்றி நின்றுவிட்டாள். உள்விளக்கின் வெளிச்சத்தில் நிலைக்கட்டையின் நிழல் தரையில் வெட்டிவைத்த பள்ளம்போல் கறுப்பாக விழுந்திருந்தது. இருளுக்கும் வெளிச்சத்துக்கும் பழக நம் கண்ணைவிடக் குதிரையின் கண்ணுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அண்ணன் குத்துக்காலிட்டு அமர்ந்து அவள் குளம்புகளையே கவனித்தார். பிறகு ஏணியை எடுத்து, அந்த விளக்கைப் பின்னுக்குத் தள்ளி, வாசலுக்கு வெளியே மங்கலான விளக்கொன்றையும் மாட்டினார். அவள் தலையைத் தாழ்த்தித் தரையை மோந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். அதற்குக் கூலி வாங்க அவர் மறுத்துவிட்டார்.

மேலே கடல் உப்பும் கீழே மூத்திரத்தின் நெடியும் சேர்ந்து அரித்த பழைய தகரத்தை இறக்கியவர்களுக்கும், பனஞ்சட்டங்களை இழைத்துத் தந்த ஆசாரிக்கும், வெப்பமும் நெடியும் வெளியேற முகட்டில் காற்றுவழி விட்டுப் புதிய தகடு வேய்ந்தவர்களுக்கும், வேலை முடியும்வரை தங்கள் தார்ப்பாய்களைத் தந்த மீனவச் சகோதரர்களுக்கும், கொள்ளும் புல்லும் அனுப்பிய வீடுகளுக்கும், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றிலிருந்தும் ஒன்றாக வந்து மண் சுமந்த பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் கப்பலில் வந்திறங்கிய கடற்கரை நம்முடையது. அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லாததால் ஏராளமானவை மடிந்தன என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. என் பொறுப்பில் இருக்கும் குதிரைகளுக்கு அந்தக் கதி நேரக் கூடாது. இனி ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன்பாக, கூரையின் ஒவ்வொரு திருகையும் ரப்பர் வளையத்தையும் நானே ஏறிப் பார்ப்பேன்; இருட்டிய பிறகு குதிரையை நடத்திப் பார்க்காமல் எந்த விளக்கு வேலையும் முடிந்ததாகக் கொள்ள மாட்டேன்.

லாயத்தின் வடபுறக் கொட்டடிகள் இப்போது காலியாக உள்ளன. மழை, புயல் நேரத்தில் ஆடுமாடுகளைக் கட்ட இடம் இல்லாதவர்கள் எந்த நேரமானாலும் தயங்காமல் ஓட்டிவரலாம்.

நன்றியுடன்,
லாயத்துக் குடும்பத்தார்