இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடுவது பற்றி நண்பனுக்கு

பாளையங்கோட்டை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா மறுபடியும் நன்றாகச் சாப்பிடத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. இங்கே அனைவரும் நலம். தாமிரபரணியில் தண்ணீர் வந்து கார் நடவும் முடிந்துவிட்டது.

அக்காவின் இரண்டு சி.டி. ஸ்கேன்களில், ஒரே எண்ணுள்ள சிலைஸில் (உடலைக் குறுக்கே சீவியதுபோல் எடுத்த ஒரு படத்தில்) பழையதில் தெரியும் கல்லீரல் கட்டி புதியதில் தெரியவில்லையே, கரைந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதே. “மூச்சை இழுத்துப் பிடியுங்கள்” என்று ஸ்கேன் எடுக்கும் நாங்கள் சொல்லும்போது ஒருமுறை நெஞ்சு நிறைய இழுப்பவர் மறுமுறை பாதியில் நிறுத்திவிடுவார். அந்த வேறுபாட்டிலேயே கல்லீரல் ஓரிரு சென்டிமீட்டர் மேலோ கீழோ நகர்ந்துவிடும். ஒரு ஸ்கேனின் சிலைஸ்கள் 5 மி.மீ. கனத்திலும் மற்றதன் சிலைஸ்கள் 1 மி.மீ. கனத்திலும் இருந்தால், சிலைஸ் எண்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

எண்களுக்குப் பதில், இரண்டு படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கலாம். மூளை மண்டையோட்டுக்குள் அடங்கியிருப்பதால், மூன்று திசைகளில் நகர்வு, மூன்று அச்சுகளில் சுழற்சி என ஆறு எண்களைக் கண்டுபிடித்தாலே இரண்டு படங்களும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிடும். கல்லீரலோ மூச்சுக்கு ஏற்ப வளையும், நசுங்கும்; அதற்காகப் படத்தை இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் இழுத்துப் பொருத்தும் மென்பொருள்கள் இருக்கின்றன. எனக்குக் கவலை இங்கேதான். இரண்டு படங்களும் ஒத்துப்போக வேண்டும் என்பதொன்றே அந்த மென்பொருளுக்கு இட்ட வேலை என்பதால், கட்டுப்பாடின்றி விட்டால், சுருங்கிய கட்டியையும் இழுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நாம் தேடிய மாற்றத்தையே அழித்துவிடும்.

ஆகவே பொருத்திய படத்தை இடம் காணவே பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டியைச் சுற்றியுள்ள போர்ட்டல் சிரையின் (குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயின்) கிளைகள் இரண்டிலும் ஒரே இடத்தில் பிரிகின்றனவா என்று முதலில் பார்ப்பேன். கட்டியின் அளவையோ, மென்பொருள் இழுக்காத மூலப் படங்களில்தான் எடுப்பேன். உருண்டையான கட்டியின் விட்டம் 20 மி.மீ.யிலிருந்து 16 மி.மீ. ஆனாலே அதன் கன அளவு ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பதால், ஓரிரு மில்லிமீட்டர் பிசகுவதையும் சிறிதென்று விடுவதற்கில்லை. சாய மருந்து செலுத்தி எத்தனை வினாடி கழித்துப் படம் எடுத்தார்கள் என்பதும் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும்; சில கட்டிகள் ஒரு கட்டத்தில் பளிச்சென்று தெரிந்து அடுத்த கட்டத்தில் சுற்றியுள்ள ஈரலோடு கலந்துவிடும்.

பிலிம் வேண்டாம், இரண்டு ஸ்கேன்களின் டிஸ்க்கையும் அனுப்பிவை. அடுத்த ஸ்கேனை முடிந்தால் அதே மையத்தில் எடுக்கச் சொல். பழைய டிஸ்க்கை அங்கே முன்கூட்டியே காட்டிவிடு. அக்காவிடம் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்