காக்ஸுக்கு ஒரு கடிதம்

கடலூர்

அன்புள்ள நண்பா, நம் படகுக்குச் சுக்கான் பிடித்த காக்ஸே,

முழங்கால் வலியோடு நம் படகு நண்பனின் காரியத்துக்கு உன்னால் வர முடியாது என்று அவன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை நினைத்து வருந்தாதே. நேற்று பண்ருட்டியில் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது.

வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவனிடம் முந்திரி உடைக்கும் பெண்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஓர் அம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டி, "முதலாளி உள்ள வந்தா முதல்ல கையத்தான் காட்டச் சொல்வாரு சார்" என்றார். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரிந்துவிடும். கொப்புளத்தோடு யாரையும் அவன் வேலைக்கு உட்காரவிட மாட்டானாம். ஆறும்வரை கூலி வீட்டுக்குப் போய்விடுமாம்.

எனக்கு அடையாறு நினைவு வந்துவிட்டது. 1867-ல் தொடங்கிய போட் கிளப், விடியற்காலை ஐந்தரை மணி. பல்கலைக்கழக அணியில் சேர்ந்த முதல் மாதம் துடுப்புப் பிடித்து எங்கள் கையெல்லாம் கிழிந்தபோது, தன் வேட்டியைக் கிழித்துக் கட்டிவிட்டவன் அவன்தானே! 1898-ல் ஆரம்பித்த சென்னை–கொழும்பு துடுப்புப் படகுப் போட்டியில் ஒருநாள் இறங்க வேண்டும் என்பான். அப்புறம் அவன் அப்பா படுத்துவிட்டார், ஊருக்குப் போய்விட்டான். படகுப் பேச்சே குறைந்துபோனது.

2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு மறுநாள் அவனோடு தோப்புகளைச் சுற்றிவந்தேன். அவன் அப்பா வைத்த மரங்களெல்லாம் வேரோடு கிடந்தன. தன் தோப்பைத் திரும்ப நடுவதற்கு முன்னால், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ரக முந்திரி ஒட்டுக்கன்றுகளை வாங்கிச் சின்னத் தோப்புக்காரர்களுக்குக் கொடுத்தான். மூன்றாம் வருடம்தான் காய்ப்புக்கு வரும், அதுவரை யாரிடமும் பழைய கடனைக் கேட்கக் கூடாது என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டான். நேற்று அவன் படத்துக்கு முன்னால் வைத்திருந்த முந்திரிப் பழங்கள் அந்த மரங்களில் பறித்தவை.

சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் நால்வர் படகில் அவன் ஸ்ட்ரோக், எல்லோருக்கும் துடுப்பின் தாளம் கொடுப்பவன்; நான் அவனுக்குப் பின்னால். 2000 மீட்டரும் நான் பார்த்தது அவன் முதுகைத்தான். அது முன்னும் பின்னும் போவதைப் பார்த்தேதான் நான் துடுப்பு போட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த உனக்குத்தான் அவன் முகம் தெரியும். மூச்சு முட்டும் அந்தக் கடைசி 200 மீட்டரில் தாத்தா முகம் எப்படி இருக்கும் என்று அவன் பேத்தி கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. நீ அவளுக்கு எழுது.

அன்புடன்,
உன் மூன்றாம் நம்பர்