தெருவில் ஜெபிக்கப் போகும் தம்பிக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

உங்கள் வாலிபர் குழு இனிச் சனிக்கிழமை மாலைகளில் சென்னை சென்ட்ரல், பார்க் ஸ்டேஷன், பிராட்வே பக்கம் போய், முன்பின் தெரியாதவர்களுக்காக ஜெபிக்கப் போகிறது என்றும், மூத்தவர்கள் ஆலோசனை சொல்ல வேண்டும் என்றும் நீ கேட்டிருந்தாய். பலர் வாழ்த்தி அனுப்பினார்கள். சிலர், காலம் கெட்டுக் கிடக்கும்போது நம் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று முகம் சுளித்தார்கள். இரண்டு பக்கமும் என்னால் சேர முடியவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் உனக்குப் பாடம் எடுத்தவள் என்ற உரிமையிலும், அரசு மருத்துவமனை வார்டுகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற அனுபவத்திலும் இதை எழுதுகிறேன். உன்னோடு வருகிற பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்பதால்தான் இதைத் தனிக்கடிதமாக எழுதவில்லை.

தெருப்பிரசங்கத்துக்கு நான் எதிரி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தியில் மைக் பிடித்து நிற்கிறவரைக் கண்டால் நம் சபையில் படித்தவர்கள் பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. அவர் தாம் யார், எதற்காக நிற்கிறார் என்பதை ஒளிக்காமல் பேசுகிறார். பிடிக்காதவர் நடந்து போகலாம், டீக்கடையில் நிற்கிறவர் கேலி செய்யலாம், கோபம் வந்தவர் எதிர்க்கேள்வி கேட்கலாம், கைப்பிரதியை வாங்கியவர் அடுத்த குப்பைத் தொட்டியில் போடலாம். பவுல் அத்தேனே பட்டணத்துச் சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடு தினமும் சம்பாஷித்தது (அப்போஸ்தலர் 17:17) இப்படித்தான். பம்பாயில் 1882-ல் இறங்கிய இரட்சணிய சேனையின் (சால்வேஷன் ஆர்மி) பூத் டக்கர், பெரிய அரசு உத்தியோகத்தை உதறிவிட்டு, காவி உடுத்தி, பக்கீர் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டு, தெருவில் ஊர்வலம் போனதற்காகச் சிறைக்கும் போனார். தெருவில் தம்பட்டம் அடித்த அந்தச் சேனைதான் நாகர்கோவிலில் கேத்தரின் பூத் மருத்துவமனையை உண்டாக்கியது.

நம் நாட்டில் இதற்கு உரிமை உண்டா என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதத்தைப் பரப்பும் உரிமையும் அரசியலமைப்பில் இருக்க வேண்டும் என்று 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் வாதாடியவர்களில் ஒருவர் நம் சென்னை மாகாணத்தின் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்த தம்மை யாரும் மதம் மாற்ற முயன்றதில்லை என்று அவர் அந்தச் சபையில் சொன்னார். பிற்பாடு 1977-ல் உச்ச நீதிமன்றம், 25-ஆம் பிரிவு ஒருவர் தம் மதத்தின் கொள்கைகளை எடுத்துரைப்பதற்குத் தருகிற உரிமை, இன்னொருவரை மதம் மாற்றுவதற்கான உரிமை ஆகாது என்று எல்லை வகுத்தது. தமிழ்நாட்டிலேயே 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்ததும், 2004-ல் அதே அரசு அதைத் திரும்பப் பெற்றதும் உன் பெற்றோருக்கு நன்றாக நினைவிருக்கும். ஆனால் சட்டத்தை நினைத்து நான் இதை எழுதவில்லை. சட்டம் அனுமதிக்கிற எத்தனையோ காரியங்களை நோயாளியின் கட்டிலருகே நாம் செய்யமாட்டோம்.

உன் திட்டத்தில் பிரசங்கம் கிடையாது. இரண்டு இரண்டு பேராகப் போவீர்கள், சோர்ந்து உட்கார்ந்திருப்பவர் அருகில் போய், "உங்களுக்காக ஒரு நிமிடம் ஜெபிக்கட்டுமா?" என்று மெல்லக் கேட்பீர்கள், ஜெபித்து முடித்ததும் கைப்பிரதி கொடுப்பீர்கள், பெயரையும் போன் நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் அழைப்பீர்கள். சத்தமில்லாத ஊழியம் என்பதால் யாருக்கும் இதில் தொந்தரவு இல்லை என்று நீ நினைக்கிறாய். எனக்கோ, மைக் பிடித்தவரின் பெருங்குரலைவிட உன்னுடைய மெல்லிய குரல்தான் அதிக யோசனையைத் தருகிறது. அவரிடமிருந்து விலகிப் போகத் தெருவே இருக்கிறது. உன்னிடமிருந்து விலகிப் போக, நீ கேட்கிற மனிதருக்குப் பல வேளைகளில் இடம் இல்லை.

சென்ட்ரலுக்கு எதிரே, அரசுப் பொது மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் யார் என்று யோசித்துப் பார். திருவண்ணாமலையிலிருந்தும் சித்தூரிலிருந்தும் நோயாளியை அழைத்து வந்தவர்கள். ஸ்கேன் பிலிமைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எந்த ஓ.பி.க்குப் போவது, எந்தக் கவுண்டரில் சீட்டு வாங்குவது என்று காலையிலிருந்து அலைந்தவர்கள். உள்ளே ஒருவருக்கு ஆபரேஷன் நடக்க, வெளியே துண்டை விரித்துப் படுத்திருப்பவர்கள். மருத்துவமனைக்குள் நுழைந்த கணம் முதல் அவர்கள் கற்றுக்கொள்கிற முதல் பாடம், சுத்தமாக உடுத்தியிருக்கிற யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று சொல்வது. வாட்ச்மேன் தள்ளி நிற்கச் சொன்னாலும் சரிங்க, கையெழுத்துப் போடச் சொன்னாலும் சரிங்க, மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னாலும் சரிங்க. ஆயிரம் நோயாளிகளிடம் அந்தச் "சரிங்க"வை நான் கேட்டிருக்கிறேன்; அதில் பாதிக்கு மேல் சம்மதம் இல்லை, எதிர்த்துச் சொன்னால் என்ன ஆகுமோ என்கிற பயம்தான். நீ ஜெபிக்கட்டுமா என்று கேட்டதும் அவர் தலையசைப்பதை, ஆண்டவர் அவர் இருதயத்தைத் திறந்தார் என்று ஞாயிற்றுக்கிழமை சாட்சியாகச் சொல்வாய். அவரோ உன்னையும் மருத்துவமனையைச் சேர்ந்த யாரோ என்றே எண்ணியிருக்கக்கூடும்.

நம் வேதமே இதில் எவ்வளவு கவனமாக இருக்கிறது என்று பார். வியாதிப்பட்டவனைப் பற்றி யாக்கோபு எழுதும்போது, "அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக" என்கிறார் (5:14). மூப்பர்கள் வியாதிக்காரரைத் தேடி வீதிவீதியாகப் போகட்டும் என்று அங்கே எழுதவில்லை. அழைப்பு படுக்கையில் கிடக்கிறவனிடமிருந்து வர வேண்டும். எரிகோவில் வழியோரப் பிச்சைக்காரன் பர்திமேயு தொண்டை கிழியக் கத்தியும், அவன் குருடன் என்று ஊருக்கே தெரிந்தும், இயேசு அவனிடம், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்கிறார் (மாற்கு 10:51). பிச்சை கேட்கவும் அவனுக்கு உரிமை இருந்தது.

இன்னும் ஒன்று. காது கேளாதவனை இயேசு ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். பெத்சாயிதாவின் குருடனைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோகிறார். குஷ்டரோகியிடம் ஒருவருக்கும் சொல்லாதே என்கிறார். லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்தவனிடம் உன் வீட்டாருக்குப் போய் அறிவி என்று சொன்னாரே என்று நீ கேட்பாய். சரிதான், ஆனால் அங்கே அறிவித்தவன் சுகமானவன். சீஷர்கள் அவன் கதையைத் தங்கள் கதையாக்கிக்கொள்ளவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் குழுவில் ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கத் திட்டம் என்று கேள்விப்பட்டேன். புற்றுநோய் என்று வீட்டாருக்கே இன்னும் சொல்லாத ஒரு பெண், முக்காடு விலகி அழுகிற முகத்தோடு யார் யாருடைய வாட்ஸ்அப் குழுவிலோ சுற்றிக்கொண்டிருப்பதை எந்த ஊழியத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. அந்தத் திட்டத்தை இன்றே கைவிடு.

முன்பின் தெரியாதவருக்காக வேண்டுதல் செய்வது சென்னைக்குப் புதிதா என்ன? சாயங்காலத் தொழுகை முடிகிற நேரம் பள்ளிவாசல் வாசலில் போய் நின்று பார். கைக்குழந்தையோடும் தண்ணீர்ப் பாட்டிலோடும் தாய்மார்கள் காத்திருப்பார்கள். அவர்களில் பலர் நெற்றியில் குங்குமம் வைத்திருப்பார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் குழந்தையின் தலையருகே ஓதி ஊதிவிட்டுத் தங்கள் வழியே போய்விடுவார்கள். யாரும் பெயர் கேட்பதில்லை, யாரும் பிரதி கொடுப்பதில்லை. தேடி வந்தது அந்தத் தாய். ஆர்மீனியன் தெரு அந்தோணியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை கூடுகிற கூட்டத்திலும், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் எத்தனையோ பேர் நம் மதத்தவர் அல்ல. அவர்கள் இறையியலைப் பற்றி நம் போதகர்கள் என்ன சொன்னாலும் சொல்லட்டும்; கேட்பவரின் விருப்பத்துக்குக் காத்திருக்கிற அந்த மரியாதையை நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்பதே என் எண்ணம்.

ஜெபத்தால் நன்மை வராவிட்டாலும் கெடுதல் என்ன என்று நீ கேட்கலாம். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இருதய பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1802 பேரை வைத்து ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் வெளியிட்டார்கள். தங்களுக்காக ஜெபிக்கப்படுமா இல்லையா என்று தெரியாமல் இருந்த இரண்டு பிரிவினரில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் ஆபரேஷனுக்குப் பின் சிக்கல்கள் வந்தன. உங்களுக்காக நிச்சயமாக ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட மூன்றாம் பிரிவில் அது 59 சதவீதம். தேவன் ஆய்வுக்கூடத்துக்கு வந்து தேர்வு எழுதுவார் என்று நான் நம்பவில்லை. இதை வைத்து ஜெபம் பொய் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், ஜெபக்குழுவையே கூப்பிடுகிற அளவுக்கு என் நிலைமை மோசமா என்கிற கலக்கம் நோயாளிக்கு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர் ஒருவர் சொன்ன விளக்கம் எனக்கு முற்றிலும் புரிகிறது. வார்டில் பாதிரியார் நுழைந்தாலே, முடிவு நெருங்கிவிட்டதோ என்று கேட்கிற கண்களைப் பார்த்தவள் நான். தெரியாத ஒருவர் அருகில் வந்து உட்கார்ந்து உனக்காக ஜெபிக்கிறேன் என்று சொல்வது கனமான சொல். நோயாளி அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சவில்லை, கண்டிப்பாகவே சொல்கிறேன். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. சில வாரங்களிலேயே இருமல் குறைந்து, பசி எடுத்து, உடம்பு தேறியதுபோல் இருக்கும். அப்போதுதான் மாத்திரையை விடத் தோன்றும், அப்போது விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகத் திரும்பி வரும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். "நீங்கள் சுகமாகிவிட்டீர்கள் என்று விசுவாசியுங்கள்" என்று உங்களில் ஒரு பிள்ளை ஆர்வத்தில் சொல்கிற ஒரு வாக்கியம், ஊருக்குப் பஸ் ஏறுகிற ஒரு தாயின் காதில் மாத்திரையை நிறுத்து என்று விழும். சொன்னவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவள் மகனுக்கு என்ன ஆனது என்று சொன்னவருக்கும் ஒருநாளும் தெரியப்போவதில்லை. அப்படி மருந்தை விட்டு வந்த குழந்தைகளுக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன். அதேபோல, நோயைப் பிசாசின் கட்டு என்றோ பாவத்தின் கூலி என்றோ யாரும் வாய் திறக்கக் கூடாது. நடைபாதையில் இருப்பவர் தன்னைத்தானே ஏற்கெனவே போதுமான அளவு குற்றப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் போகவே கூடாதா என்றால், போ என்றுதான் சொல்வேன். ஆனால் சுவிசேஷம் சொல்லப் போகிற நாளில் சுவிசேஷகனாகவே போ; கடற்கரையிலோ சந்தையிலோ நின்று, நீ யார் என்று சொல்லி, கைப்பிரதி கொடுத்து, வருகிற கேள்விக்குப் பதில் சொல். மருத்துவமனைப் பக்கம் போகிற நாளில் கைப்பிரதிகளை வீட்டில் வைத்துவிட்டுப் போ. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போகிறபோதுதான் ஜெபம் தூண்டில்முள்ளில் மாட்டிய இரையாகிவிடுகிறது. பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் திரும்பி வரவில்லை. அந்த ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் வருத்தத்தோடு கேட்டார். கொடுத்த சுகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அங்கே போனதும் ஜெபிக்கட்டுமா என்று தொடங்காமல், "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டுப் பழகு. ரத்த வங்கி எந்தப் பக்கம் என்பார்கள்; காப்பீட்டு அட்டைக்கு எங்கே போவது என்பார்கள்; போனுக்குச் சார்ஜ் போட வேண்டும் என்பார்கள்; தெலுங்கில் எழுதிய சீட்டைப் படித்துச் சொல்லச் சொல்வார்கள். ரத்தம் தேவைப்பட்டால் உங்களில் திடகாத்திரமான நான்கு பேர் கொடுக்கலாம். இவையெல்லாம் ஜெபத்துக்கு முன்னுரை என்று நினைத்துச் செய்யாதே. இத்தோடு முடிந்தாலும் அந்த மாலை வீண் இல்லை. அவராகவே நீங்கள் யார், ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல். அவராகவே வேண்டிக்கொள்ளுங்கள் என்றால், தலைமேல் கை வைக்காமல், குரலை உயர்த்தாமல், அவர் வாயால் சொன்ன காரியத்தை மட்டும், அவருக்குப் புரிகிற தமிழில், இரண்டு வாக்கியத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிட்டு எழுந்து வா. பெண்களிடம் பெண்பிள்ளைகள் பேசட்டும். கேட்காதவர்களுக்காக ஜெபிக்க உனக்கு யாரும் தடை போடவில்லை. அதை மின்சார ரயிலில் திரும்பி வரும்போது மனதுக்குள் செய்யலாம், அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

மீதி இருப்பது அந்த நோட்டு. வியாதிக்காரரின் பெயரும் நம்பரும் நோயின் விவரமும் எழுதிய ஒரு நோட்டு, பூட்டில்லாத வாலிபர் அறையில், வாரம் ஒருவர் கையில் மாறிக்கொண்டிருக்கும் என்று உன் குழுவின் பிள்ளை ஒருத்தியே என்னிடம் வருத்தப்பட்டாள். வார்டில் கேஸ் ஷீட்டை அப்படி வைத்திருந்தால் எங்களுக்கு மெமோ வந்திருக்கும். நம்பர் வேண்டும் என்றால் உன் நம்பரை அவர்களுக்குக் கொடு. தேவைப்பட்டால் அவர்கள் கூப்பிடட்டும். இதில் குழுவாகக் கூடி என்ன முடிவு எடுத்தீர்கள் என்பதை, அடுத்த சனிக்கிழமை கிளம்புவதற்கு முன்னால் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஓய்வுநாள் பள்ளி டீச்சர்