ஊசி திருத்தியவர்களுக்கும் பாய் கட்டியவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீட்டு மாடியில் மாதம் ஒரு மாலையாக நடந்துவந்த இசைத்தட்டு ஆல்பம் கேட்பு இந்த மாதத்தோடு ஒரு சுற்று முடிந்தது. ஜாஸ், ரெகே, மேற்கத்திய சாஸ்திரியம், நம்ம ராஜா, மெட்டல் எல்லாம் கலந்துதான். முதல் பக்கத்தில் ஊசி இறங்கியதிலிருந்து கடைசிவரை யாரும் பேசக் கூடாது என்பது ஒன்றே விதி. உதவியவர்களில் பாதிப் பேர் "பெயர் போடாதீங்க" என்று சொல்லிவிட்டதால் யார் பெயரும் இதில் இல்லை. செய்த வேலையை எழுதுகிறோம். யாரென்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, பிறை ஊரிலிருந்து புல்லி (பெல்ட் ஓடும் சிறு சக்கரம்) கடைந்து கொண்டுவந்த ஐயாவுக்கு. நன்கொடையாக வந்த டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவி, அமெரிக்காவில் வாங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட்டேஜ் சரியாகிவிடும். ஆனால் அந்த வகை மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் ஹெர்ட்ஸ், அதாவது அது நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது. அங்கே 60, இங்கே 50. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 27.8 சுற்றுதான் ஓடும். நாலு கட்டையில் பாடியவர் இரண்டு கட்டைக்கு இறங்கிவிடுவார். மோட்டார் புல்லியின் விட்டத்தை 1.2 மடங்காக்கினால் போதும் என்று 10 மில்லிமீட்டரை 12 ஆகக் கடைந்தால், அப்போதும் ஒரு விழுக்காடு மெதுவாகத்தான் ஓடும். பெல்ட்டின் கனமும் கணக்கில் சேர்கிறதே! 0.6 மில்லிமீட்டர் பெல்ட் என்றால் புல்லி 12.12 இருக்க வேண்டும். ஐயாவின் இரண்டாவது பித்தளைப் புல்லி அந்த அளவுக்கே வந்தது. சரிபார்க்க, 180 கோடு போட்ட வட்ட அட்டையைத் தட்டின்மேல் வைத்துப் பழைய குண்டு பல்பின் கீழ் ஓட விடுங்கள். கோடுகள் அசையாமல் நின்றாற்போல் தெரிந்தால் வேகம் சரி. அமெரிக்க அட்டையில் 216 கோடு இருக்கும், இங்கே உதவாது. நல்ல எல்இடி விளக்கு துடிக்காது, அதன் கீழ் ஒன்றும் தெரியாது.

அப்படியும் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஓடியபோது, கீபோர்டோடு வந்திருந்த தம்பி முதல் பக்கத்தில் சுருதி ஏறியிருப்பதாகச் சொன்னார். அவர் காது சரி, புல்லி மேலும் குற்றமில்லை. 1959 மார்ச் 2 அன்று பதிவு செய்த டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அதைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது அந்தப் பக்கத்து மூன்று உருப்படிகளும் சுருதி சற்று ஏறியே தட்டில் விழுந்தன. 1992 மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள். ஏப்ரல் 22இல் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறு இல்லை. பழைய தட்டில் முதல் பக்கம் கொஞ்சம் விறைப்பாகவும் இரண்டாம் பக்கம் தோள் தளர்ந்தும் கேட்பதற்கு வாசித்தவர்கள் மட்டும் காரணமில்லை. எங்களுக்கு அந்த விறைப்பே பிடித்திருக்கிறது. திருத்திய பதிப்பு சற்றே தூங்குமூஞ்சி.

ஆயர் ஈத்தாம் அக்கா, உங்கள் விரல் நுனி வறண்டுபோனதற்கு நாங்கள்தான் பொறுப்பு. லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் கிடைத்த தட்டுகளில் பாதிக்குமேல் பூஞ்சணம். நம் ஊர் ஈரத்தில் அது தப்பாது. அக்காவின் கலவை: வடித்த நீர் நாலு பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, லிட்டருக்கு இரண்டு சொட்டு பாத்திரச் சோப்பு. மெல்லிய துணியால் வரிப்பள்ளம் போகும் வாக்கிலேயே வட்டமாகத் துடைத்து, பிறகு வெறும் வடித்த நீரால் மறுபடி துடைக்க வேண்டும். இரண்டாவது துடைப்பை விட்டால் சோப்பு காய்ந்து, ஊசியில் சாம்பல் நிறப் பசையாக ஒட்டும். பழைய காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பூஞ்சணத்தின் விதை அதில்தான் குடியிருக்கிறது. 78 சுற்று அரக்குத் தட்டில் மட்டும் ஆல்கஹால் ஒரு சொட்டும் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

அக்கா துடைத்ததில் அதிகம் பிழைத்தது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக 1986இல் வந்த தட்டு. வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஒரு வாக்கியத்தை முடித்து, மற்ற தந்திகள் பதில் சொல்லத் தொடங்குமுன் ஒரு மூச்சு இடைவெளி விடுகிறது. துடைக்குமுன் அந்த இடத்தில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.

மரத்தளம் அழகுதான், டர்ன்டேபிளுக்கு எதிரி. ஒருவர் கழிப்பறைக்கு எழுந்து நடந்தால் ஊசி மூன்று வரி தாண்டும். ஊசியின் எடையைக் கூட்டி இதைச் சமாளிக்க முடியாது. மேசைக்குக் கீழே ரப்பர் வைத்தும் பயனில்லை, தளமே ஆடுகிறது. தச்சர் அண்ணன் செங்கல் சுவரில் நான்கு போல்ட் அடித்துத் தனிப் பலகை தொங்கவிட்டார். ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட 1.8 கிராம் அழுத்தத்தைச் சிறு தராசில் பார்த்து வைத்தோம். குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்பது தப்பு எண்ணம். ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளி அதைக் கீறிவிடும்.

பலகை வந்த பிறகுதான் பாப் மார்லியின் 'எக்ஸடஸ்' (1977) சரியாகக் கேட்டது. அதுவரை ஆஸ்டன் பாரெட்டின் பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஓசை, மரத்தளம் வழியாக ஊசிக்கே திரும்பி வந்து ஊளையிட்டது. இந்த இசையில் மெட்டு பாதிக்குமேல் பேஸ் கையில்தான். ரெகேயின் 'ஒன் டிராப்' நடையில் நான்கு எண்ணிக்கையில் முதலாவது காலியாக விடப்பட்டு மூன்றாவதில் அடி விழும். தாளம் போட்டுப் பழகிய கை சமத்தில் தட்டிவிட்டு ஏமாந்து நிற்பதைப் பார்க்க வேண்டும்.

கோரைப் பாய் கொடுத்த குடும்பங்களுக்கு: பன்னிரண்டு பாய், ஆறு ஆறாக இரு பக்கச் சுவரிலும், சுவரை விட்டு ஐந்து சென்டிமீட்டர் தள்ளி. நீண்டு குறுகிய கடைவீட்டில் கை தட்டினால் தகரம் அதிர்வதுபோல் ஓசை திரும்பும். பாய் கட்டியதும் அது அடங்கியது. பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1981இல் பதிவு செய்த பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' ஓடியபோது பின்வரிசையிலிருந்து "ஆம்ப்ளிஃபயர் முனகுது" என்று முறையீடு வந்தது. முனகியது கூல்ட். வாசித்தபடியே கூடப் பாடுவது அவர் வழக்கம். 1955இல் 38 நிமிடத்தில் பறந்த அதே இசை, இங்கே 51 நிமிடம். எங்களுக்கு இரண்டாவதுதான்.

ஒரு மாலை பேஸ் காணாமல் போனதற்குக் காரணம் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்ததுதான். ஒற்றைக் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவினால் முதலில் அந்த வயரைப் பாருங்கள். கண்டுபிடித்த கல்லூரி மாணவிக்கு நன்றி.

ஜாஸும் இந்திய இசையும் கலந்த 'சக்தி' குழுவின் முதல் ஆல்பம் கேசட்டில்தான் கிடைத்தது. விநாயக்ராமின் கடம் மண்பானை போலில்லாமல் தலையணை போல் ஒலித்தது. டேப்பைப் பிளேயரின் ஒலிவாங்கும் தலையோடு (ஹெட்) அழுத்தும் சிறு கம்பளித் துண்டு, பசை காய்ந்து உதிர்ந்திருந்தது. கேசட் அண்ணன் ஐந்து திருகாணியைக் கழற்றி, வெற்றுக் கேசட்டிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தார். வேலை பத்து நிமிடம். கம்பளத்தில் விழுந்த திருகாணியைத் தேடியது அரை மணி.

மெட்டல் வேண்டும் என்று அடம்பிடித்த தம்பிகளுக்கும் நன்றி. மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னடிக்' (2008) சிடியின் பாடல்கள் நல்ல பாடல்கள்தான், சத்தத்தை அமுக்கி அமுக்கி ஏற்றியதில் டிரம் அடி ஒவ்வொன்றும் பொரிகிறது. மற்ற ஆல்பங்களோடு ஒப்பிட, சத்தத்தை முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் உரக்கக் கேட்பதுதான் நல்லதாகத் தோன்றும்.

கீழ்க்கடை முதலாளிக்குத் தனி வணக்கம். லிட்டில் இந்தியாவில் மாலை ஏழரைக்கு வாசல் ஸ்பீக்கரை அணைப்பது சின்ன காரியமில்லை. கடைசி மாலை, பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஓடியபோது மட்டும் அணைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். வெவ்வேறு நீளமுள்ள டேப் வளையங்கள் சுற்றிச் சுற்றி வந்து, ஒருமுறை சேர்ந்ததுபோல் மறுமுறை சேராத இசை அது. மின்விசிறி, தெரு, மழை எல்லாம் கூடவே இருக்கலாம். கீழே இருந்து ஏதோ குத்துப்பாட்டு வந்தது. அதுவும் பொருந்தியது.

வடையும் பால் சேர்க்காத தே ஓவும் கொண்டுவந்தவர்களுக்கு: இரண்டு எவர்சில்வர் தூக்கு, ஒரு நீலக் குடை இன்னும் மாடியில் இருக்கின்றன. ஐயாவின் 12 மில்லிமீட்டர் புல்லி பிஸ்கட் டின்னில் பத்திரம்.